மலை ஏறிய 05

கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. பகாங்கின் தொலைபேசி எண் 09. ஆனா எங்க ஊர் நம்பர்கள் 05-இல்தான் தொடங்கும். அது பேராக்கின் எண்.

காலேஜில் படிக்கும்போது இப்படி எண்களைத் தோண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. பகாங்கில் உள்ள கெந்திங் மலைக்கு 03. சிங்கப்பூர் வேறு நாடு. ஆனாலும் இங்கிருந்து 02 போட்டாலே போகும். எண்களின் வரைபடம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை.

அது சாலையைப் பார்க்கிறது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர்கள் ஏறி வந்த பாதை பேராக்கின் தாப்பாவிலிருந்து வந்தது. அரிசியும் கடிதமும் அதே வழியில்தான். 05-உம் அந்தப் பாதையின் மிச்சம் என்றே நினைக்கிறேன்.

ஈப்போவைக் கூப்பிட ஊர் எண்ணே வேண்டாம். மாநிலத் தலைநகர் குவாந்தானுக்கு 09 போட வேண்டும்; அப்போதெல்லாம் வெளியூர்க் கட்டணமும் இருந்தது.

1999-இல் மலேசியாவில் ஒரு புது வசதி வந்தது. நம்பருக்கு முன்னால் சில இலக்கங்களைச் சேர்த்து அழுத்தினால், லைன் ஒரு கம்பெனியுடையதாக இருந்தாலும் வெளியூர் அழைப்பை வேறு கம்பெனி கொண்டுபோனது. எது மலிவோ அதைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. சொந்தமாக லைன் இருந்தவர்களுக்கு அது லாபம். எங்க லயத்துக்காரர்கள் அவசரம்னா கிராணி ஆபீசுக்கு ஓடுவார்கள். அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பாட்டி "கீழ போறேன்"னு சொன்னா அது தாப்பா, இல்லன்னா ஈப்போ. குவாந்தானை அவங்க பார்த்ததே இல்லை.