பிறப்பிடமும் பதவித் தகுதியும் (கொச்சி)

வெளிநாட்டில் பிறந்தவர் தேர்தலில் நிற்கலாமா, ஆட்சிப் பொறுப்பு ஏற்கலாமா என்பதை இந்தியச் சட்டம் குடியுரிமையை வைத்தே முடிவு செய்கிறது. பிறந்த ஊரை வைத்து அல்ல. விடுதலைக்கு முன் நிலைமை வேறு. ஒருவர் எந்த அரசின் பிரஜை என்பதைப் பெரும்பாலும் பிறந்த மண்ணே தீர்மானித்தது. கொச்சியில் அந்த எல்லை ஊருக்குள்ளேயே ஓடியது.

இரு அரசுகளின் ஊர்

1795இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய போர்ட் கொச்சி, பின்னர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி, கொச்சி மன்னரின் சமஸ்தானத்தில் நீடித்தது. கோட்டைப் பகுதியில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. மட்டாஞ்சேரியில் பிறந்தவர் சமஸ்தானப் பிரஜை. சட்டமன்றங்களும் வேறு. முதல் பகுதிக்குச் சென்னை. இரண்டாவதற்கு 1925இல் தொடங்கிய கொச்சி சட்டசபை. மட்டாஞ்சேரி யூதத் தெருவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் அச்சபையில் உறுப்பினராக இருந்தார். 1949 ஜூலை 1இல் சமஸ்தானம் திருவிதாங்கூருடன் இணைந்தது. 1956இல் உருவான கேரளத்தில் இரு பகுதிகளும் அடங்கின; 1967இல் ஒரே மாநகராட்சி ஆயின.

அரசியலமைப்பின் விதிகள்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு, இந்தியாவை நிலையான வாழ்விடமாகக் கொண்டவர்களில் மூவகையினரைக் குடிமக்களாக ஏற்றது: இங்கு பிறந்தவர், பெற்றோரில் ஒருவர் இங்கு பிறந்தவர், ஐந்தாண்டுகளாவது இங்கு வசித்தவர். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று 84, 173ஆம் பிரிவுகள் கூறுகின்றன. குடியரசுத் தலைவர் பதவிக்கும் பிறப்பிட நிபந்தனை இல்லை. அமெரிக்காவிலோ பிறப்பால் குடிமகனானவரே அதிபராகலாம்.

பாலக்காட்டு வேர்கள் கொண்ட குடும்பத்தில் 1917இல் இலங்கையில் பிறந்த எம்.ஜி.ஆர்., 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். இத்தாலியில் பிறந்து 1983இல் இந்தியக் குடியுரிமை பெற்ற சோனியா காந்தியின் தேர்தலை எதிர்த்த மனுக்கள் 2001இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி பெறவில்லை.

பிறப்பிடம் பொருட்படுத்தப்பட்ட இடம் ஒன்று உண்டு. 366ஆம் பிரிவின்படி ஆங்கிலோ இந்தியர் என்பவர், இங்கு நிலையாக வசித்த பெற்றோருக்கு இந்திய மண்ணில் பிறந்தவராக இருக்க வேண்டும். அச்சமூகத்துக்கான நியமன இடங்கள் மக்களவையிலும் கேரளச் சட்டமன்றத்திலும் இருந்தன. 2020இல் அவை முடிவுக்கு வந்தன.

கடல் கடந்த பிறப்பு

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை வழியாக மட்டும் குடியுரிமை தந்தது. 1992 முதல் தாய் வழியும் ஏற்கப்பட்டது. 2004 டிசம்பர் 3 முதல், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்வது கட்டாயம். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகள் அங்கு பிறந்த வெளிநாட்டார் குழந்தைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை தருவதில்லை. ஆகவே அங்கு வேலை செய்யும் கேரளக் குடும்பங்களுக்கு இப்பதிவு இன்றியமையாதது.

விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். இஸ்ரேலில் குடியேறிய கொச்சி யூதர்களின் வழிவந்தோர், கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை பெற்றாலும் வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. இலங்கையும் 2015இல் இரட்டைக் குடியுரிமையாளர்களை நாடாளுமன்றத்திலிருந்து விலக்கியது. 2020இல் நீக்கிய அத்தடையை 2022இல் மீண்டும் கொண்டுவந்தது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வாழ்பவர்கள் 2011 முதல் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க நேரில் வர வேண்டும்.