ஏட்டுப் படத்திலிருந்து எண்மத் திரைக்கு: மருத்துவப் படிமக் கல்வியில் மானிப்பாயும் ரொறன்ரோவும்

பிறம்ரன் நகரில் 2025ஆம் ஆண்டு ரொறன்ரோ பெருநகரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி தன் முதல் அணி மாணவரை ஏற்றது. இன்றைய மருத்துவ மாணவர் எக்ஸ்கதிர், சி.ரி., எம்.ஆர்.ஐ., ஒலியலைப் படிமங்களைப் பெரிதும் கணினித் திரையிலேயே பயில்கின்றனர். திரை எப்போது நல்லாசிரியர் ஆகிறது என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடையை மூன்று சான்றுகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற்சான்று யாழ்ப்பாணத்து மானிப்பாய். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 1858இல் இலண்டனில் வெளிவந்த ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழுருப் பெற்றது. தமிழிலும் வடமொழியிலும் கிடைத்த சொற்களை மொழிபெயர்ப்பாளர் எடுத்தாண்டனர். கிடைக்காதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைவித்தனர். 1875இல் வந்த ‘கெமிஸ்தம்’ என்னும் நூற்பெயரே அதற்குச் சான்று. ரொன்ற்ஜன் 1895இல் எக்ஸ்கதிரைக் கண்டறியுமுன்னரே, உடலுறுப்பைக் கண்டு தமிழில் பெயர் சொல்லும் மாணவர் குழாம் மானிப்பாயில் உருவாகியிருந்தது.

இரண்டாவது ரொறன்ரோப் பல்கலைக்கழகம். அங்கு 1930 முதல் உடற்கூற்றுப் பேராசிரியராயிருந்த ஜே. சி. பி. கிறான்ற், 1943இல் தம் புகழ்பெற்ற உடற்கூற்றுப் படத்தொகுதியை வெளியிட்டார். கூறுபடுத்திய உடற்பகுதியை ஒளிப்படமெடுத்து, அதன் எல்லைக்கோடுகளைப் படியெடுத்து, ஓவியர் மீண்டும் அவ்வுடற்பகுதியோடு ஒப்புநோக்கி வரைவதே அதன் முறை. படம் ஒவ்வொரு படியிலும் உடலுக்குக் கணக்குக் கொடுத்தது. 1945இல் மரியா விசாற் அங்கு தொடக்கிய மருத்துவ ஓவியப் பயிற்சிநெறி இம்மரபை நிலைபெறச் செய்தது.

மூன்றாவது எண்மக் காலம். ரொறன்ரோ பொது மருத்துவமனையின் மயக்கவியல் துறை, உணவுக்குழாய்வழி இதய ஒலியலைப் பரிசோதனையைக் கற்பிக்க இணையக் கருவியொன்றை உருவாக்கியது. அதில் முப்பரிமாண இதயமும் அதே தளத்தில் வெட்டப்பட்ட ஒலியலைக் காட்சியும் அருகருகே தோன்றும். இதயத்தைச் சுழற்றிப் பார்க்கும் மாணவர், சாம்பல் நிழல் எவ்வறை, எவ்வடைப்பிதழ் என்று தாமே பொருத்தி அறிவார். உடலையும் படத்தையும் ஒப்புநோக்கும் கிறான்றின் முறையே இங்கு வேறு கருவியில் தொடர்கிறது.

இவற்றிலிருந்து பெறப்படுவன தெளிவானவை. உறுப்புப் பெயர்களை முதலில் மறைத்து, மாணவர் கூறியபின் வெளிப்படுத்த வேண்டும். தெரிந்தெடுத்த ஒரே படத்தைக் காட்டாது, குறுக்குவெட்டுகளின் முழு அடுக்கையும் உருட்டித் தேட விடவேண்டும். படத்தருகே உடலின் மாதிரியும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடின், விலையுயர்ந்த திரையும் சுவரில் தொங்கும் படமே.

கிறீன் எடுத்த பணியோ நம்மிடையே இடைநின்றுள்ளது. அச்சேட்டில் படத்தோடு ஒட்டியிருந்த பெயர், திரையில் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. படத்தைத் தொடாமலே அவ்வடுக்கைத் தமிழில் அமைக்கலாம். இதற்கு அச்சகம் வேண்டியதில்லை. சீர்செய்த கலைச்சொற்றொகுதியும் மருத்துவரும் மொழியறிஞரும் கூடியமரும் மேசையுமே வேண்டும். ஆங்கிலத்தில் பயின்ற தமிழ் மருத்துவர், ஸ்கான் படத்தை முன்வைத்துத் தம் பாட்டி வயதொத்த நோயாளிக்கு விளக்க முற்படும்போது சொல்லின்றித் தடுமாறும் நிலை, மானிப்பாய் மாணவர் அறியாதது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எட்டிய நிலையை மீட்பது இப்புலமையரங்கின் கடனாகும்.