தவளைத் தோலில் சோடியக் கடத்தல்

தவளைத் தோலில் சோடியக் கடத்தல் என்பது, நன்னீரில் வாழும் தவளை முதலிய இருவாழ்விகள் சூழ்ந்துள்ள நீரிலிருந்து சோடிய அயனிகளைத் தோல் வழியே உடலுக்குள் ஈர்த்துக்கொள்ளும் உடலியங்கியல் நிகழ்வாகும். குளத்து நீரைவிடக் குருதியில் சோடியம் பன்மடங்கு மிகுந்திருப்பதால், செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஆற்றலைச் செலவிட்டு நிகழும் இது 'செயல்மிகு கடத்தல்' என்னும் வகையில் அடங்கும். சிறுநீரில் இழக்கப்படும் உப்பு இதனால் ஈடுசெய்யப்படுகிறது.

மேல்தோல் செல்களின் வெளிப்பக்கச் சவ்விலுள்ள, அமிலோரைடு மருந்தால் அடைபடும் கால்வாய்ப் புரதங்கள் வழியே சோடியம் தானாக நுழைய, உட்பக்கச் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் ஏற்றி ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஏடிபி மூலக்கூற்றைச் சிதைத்து, 3 சோடிய அயனிகளை உடல் திரவத்துக்குள் தள்ளி, 2 பொட்டாசிய அயனிகளைச் செல்லுக்குள் கொணர்கிறது. ஆல்டோஸ்டிரோன், வாசோடோசின் ஆகிய ஹார்மோன்கள் இக்கடத்தலை மிகுவிக்கின்றன.

மிக நீர்த்த கரைசலிலிருந்தும் தவளை உப்பை உறிஞ்சுவதை டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ 1937இல் காட்டினார். அந்நாட்டின் ஹான்ஸ் உசிங், செரான் இருவரும், பிரித்தெடுத்த தோலை இரு அறைகளுக்கிடையே பொருத்தி, இருபுறமும் ஒரே கரைசலை நிரப்பி, தோல் தானே உண்டாக்கும் மின்னழுத்த வேறுபாட்டைப் புற மின்னோட்டத்தால் சுழியாக்கினர். அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டம், கதிரியக்கச் சோடியத்தால் அளந்த நிகரப் பெயர்ச்சிக்குச் சமமாக இருந்ததை 1951இல் வெளியிட்டனர். செல்லின் இரு பக்கச் சவ்வுகளும் வெவ்வேறு இயல்பின என்னும் கோட்பாட்டை 1958இல் கோஃபோட்-ஜான்சனும் உசிங்கும் முன்வைத்தனர். தவளைக்கு மட்டும் உரியதாகத் தோன்றக்கூடிய இவ்வமைப்பு சிறுநீரக நுண்குழல், பெருங்குடல் ஆகியவற்றின் சோடிய உறிஞ்சலுக்கும் பெரிதும் பொருந்தியது. 'உசிங் அறை' எனப்படும் அக்கருவி குடல், மூச்சுக்குழல் ஆய்வுகளில் இன்றும் பயன்படுகிறது.