மாக்பெத்தும் உடையார்குடிக் கல்வெட்டும்

நம் கல்லூரியில் 'மாக்பெத்' படித்தவர்களுக்கு, அந்த அரசி தூக்கத்தில் நடந்து வந்து கையைக் கழுவும் காட்சி மறந்திருக்காது. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ரயிலேறி வந்த எங்களுக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் வகுப்பே கப்சிப். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும், "சார், குத்துனது புருஷன், கை கழுவுறது பொண்டாட்டியா?" என்றான். "ரெண்டு பேரும் கழுவத்தான்டா பாக்குறாங்க, போகலியே" என்றார் ஆசிரியர்.

பிற்பாடு சரித்திரம் படிக்கப் போனபோதுதான் தெரிந்தது, மாக்பெத் என்ற மன்னன் உண்மையில் இருந்தான் என்று. 1040-இல் டங்கன் இறந்தது படுக்கையில் அல்ல, போர்க்களத்தில். (அப்போது இங்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் ஆட்சி!) அதன்பின் மாக்பெத் 17 வருஷம் ஸ்காட்லாந்தை ஆண்டிருக்கிறான். 1050-இல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்திருக்கிறான். சிம்மாசனம் ஆட்டம் கண்டிருந்தால் நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போவானா? 1057-இல்தான் டங்கன் மகன் மால்கம் அவனைக் கொன்றான்.

படுக்கையறைக் கொலையை ஷேக்ஸ்பியர் ஹாலின்ஷெட் எழுதிய சரித்திர நூலில் வேறொரு ராஜாவின் கதையிலிருந்து எடுத்து ஒட்டினார். தூக்க நடை அந்த நூலில் இல்லை, அவரே சேர்த்தது. நாடகம் எழுதப்பட்ட 1606 வாக்கில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ், தான் பாங்கோவின் வம்சம் என்று சொல்லிக் கொண்டவர். பாங்கோ நல்லவன், மாக்பெத் கொலைகாரன் என்றால் யாருக்குக் குளிரும்? சொல்லத் தேவையில்லை.

நம் பம்மல் சம்பந்த முதலியார் இதைத் தமிழில் 'மகபதி' ஆக்கினார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியது போல. என் ஆதங்கம், நம் காவிரிக் கரையிலேயே இதே கதை இருக்கிறதே என்பதுதான்.

சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், வீரபாண்டியன் தலை கொண்டவன், 970-ஐ ஒட்டிக் கொலையுண்டான். பட்டம் தம்பி அருண்மொழிக்குப் போகவில்லை. சிற்றப்பா முறையான உத்தம சோழனுக்குப் போனது. 985-இல்தான் அருண்மொழி ராஜராஜனாக முடிசூடினான். அவனுடைய 2-ஆம் ஆட்சியாண்டில், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு பேசுகிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் நிலத்தையும் உறவுக்காரர்கள் நிலத்தையும் விற்கச் சொல்கிறது.

ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று கல்லில் ஒரு சொல் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனைச் சந்தேகித்தார். பதவி கிடைத்தவன்தானே பழிக்கு ஆளாவான்! சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. என் ஓட்டும் பண்டாரத்தாருக்கே. 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். வீரபாண்டியனுக்காகப் பழி தீர்த்தார்கள் என்பதற்கு அது இடம் தருகிறது. அதைவிடப் பெரிய சாட்சி, உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடமே கோயில் காரியங்களைப் பார்க்கும் உயர்ந்த அதிகாரியாக இருந்தது. உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியாரும் கடைசிவரை மரியாதையோடுதான் வாழ்ந்தார். அண்ணனைக் கொன்றவன் குடும்பத்தை யாராவது இப்படி வைத்திருப்பார்களா?

நாடகத்தில் குற்றம் செய்தவன் மனசுக்குள் புகுந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. உடையார்குடியில் அது செய்தவனோடு நிற்காமல், ஒன்றும் அறியாத சொந்தக்காரன் வயல்வரைக்கும் போயிருக்கிறது. அந்த ரவிதாசன் ராத்திரி தூங்கினானா என்று கேட்க நமக்கு ஒரு ஷேக்ஸ்பியர் வாய்க்கவில்லை. நம் மாணவர்களில் எழுதக் கூடியவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறுங்கள், வீராணம் ஏரியும் பக்கத்திலேயே இருக்கிறது.