பேச்சுக்குத் திறந்த வழி

காருக்குள் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவியைப் பரவலாக்கியது சட்டம். அமெரிக்க மாநிலங்களில் இதை 2001இல் நியூயார்க் தொடங்கிவைத்தது. 2003 டிசம்பர் 1 முதல் பிரிட்டனிலும் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவது குற்றமானது. கையில் எடுக்காமல் பேசுவதற்குத் தடையில்லை. அந்தக் காலத்தில் பெயர் வாங்கியவற்றில் ஒன்று பாரிஸைச் சேர்ந்த பாரட் நிறுவனத்தின் சிகே3000. ரேடியோவின் பின்புறம் செருகும் கம்பிக்கொத்தின் நடுவே ஒரு சின்னப் பெட்டி, ஓட்டுநரின் வாய்க்கு எட்டும் இடத்தில் ஒரு மைக், அவ்வளவுதான். அழைப்பு வந்ததும் ரேடியோ அடங்கும். மறுமுனைக் குரல் கார் ஸ்பீக்கரில் கேட்கும். அதாவது செல்போனிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒலி போகும் வழி அன்றே தயார். ஆனால் அதே போனில் இருந்த பாட்டு அந்த வழியாக வரவில்லை. இதற்குத் தொழில்நுட்பக் குறையைவிட, கருவியை எதற்காக விற்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் எடுத்த முடிவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

பொறியாளர்கள் இதை மறுப்பார்கள். போனையும் கருவியையும் கம்பியின்றி இணைக்கும் ப்ளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி நெறிமுறை உண்டு. உரையாடலில் குரல் இருபுறமும் தாமதமின்றிப் போய்வர வேண்டும். அதனால் பேச்சு நெறிமுறைக்கு ஒற்றைத் தடம், நொடிக்கு 8,000 மாதிரிகள், 64 கிலோபிட் என்று வகுத்தார்கள். பேச அது போதும். பாட்டை அதில் விட்டால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் போய்விடும்; ஜால்ராவின் கணீரென்ற ஓசை மழுங்கும், இடம் வலம் என்ற பிரிவே இருக்காது. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டீரியோ இசைக்கான ஏ2டிபி நெறிமுறையும் அதே 2003இல் வந்துவிட்டதே! போன்களில் அப்போது பாட்டுக்கு இடமில்லை, பேட்டரி தாங்காது என்பதும் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். 2007இல் வந்த ஐபோனில் பாட்டுக்கும் இடமிருந்தது, ப்ளூடூத்தும் இருந்தது; ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசலாம், ஸ்டீரியோவில் பாட்டு அனுப்ப முடியாது. அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 3ஜியிலும் இதே நிலை. 2009இல் ஒரு மென்பொருள் மேம்படுத்தல் வந்தது. 3ஜியில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பாட்டு ஓடத் தொடங்கியது. வன்பொருள் முன்பே தயாராக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

கேட்க ஆளில்லாததால்தான் விற்கவில்லை என்பதையும் ஏற்க முடியாது. பாட்டை ரேடியோ அலையாக்கிக் காரின் எஃப்எம்முக்கு அனுப்பும் குட்டிக் கருவிகள் பிரிட்டனில் 2006 டிசம்பர் 8 வரை சட்டவிரோதம்; அதற்கு முன்பே அவற்றைப் பலர் பயன்படுத்தினார்கள். வேறு சிலர் கேசட் வடிவ அடாப்டரைச் செருகினார்கள். அழைப்பு நடப்பதாகப் பாவனை காட்டி, பாட்டைப் பேச்சு வழியிலேயே தள்ளிவிடும் செயலிகள்கூட ஆண்ட்ராய்டில் வந்தன. மட்டமான ஒலியையும் பொறுத்துக்கொண்டு கேட்டவர்கள் நல்ல கருவிக்குக் காசு கொடுத்திருக்க மாட்டார்களா? பின்னாளில் அதே பாரட், பேச்சையும் பாட்டையும் ஒரே பெட்டியில் தந்தபோது மக்கள் வாங்கத்தான் செய்தார்கள்.

அந்தக் காலத்துக் கருவிகள் பழைய கார்களில் இன்னும் வேலை செய்கின்றன. அப்படியொரு காரை வாங்குகிறவர்கள் போனைக் குறை சொல்லுமுன், கருவியின் விவரத் தாளில் ஏ2டிபி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு புதிய போனை இணைத்தாலும் அதில் பேசத்தான் முடியும்.