தட்டச்சுப் பொறி முதல் வேர்ட் வரை: திறக்கும் மேற்கோள்குறியின் வரலாறு

ஒருவர் பேசியதைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது, அந்தப் பேச்சு எங்கே முடிகிறது என்பதை மொழியே காட்டிவிடுகிறது. ‘என்று’, ‘என’, ‘என்றான்’ ஆகியவற்றில் ஒன்று வந்து நின்றால் பேச்சு அதற்கு முன் முடிந்துவிட்டது என்று பொருள். எங்கே தொடங்குகிறது என்பதற்கு அப்படி ஒரு சொல் இல்லை. முருகன் நேற்று பணம் கொடுத்துவிட்டேன் என்றான் என்ற வாக்கியத்தில் ‘நேற்று’ யாருடையது? முருகன், “நேற்று பணம் கொடுத்துவிட்டேன்” என்றானா? அல்லது முருகன் நேற்று, “பணம் கொடுத்துவிட்டேன்” என்றானா? முடிவு இரண்டிலும் ஒரே இடம். வேறுபடுவது தொடக்கம் மட்டுமே. ஆகவே தமிழ் உரைநடையில் மேற்கோளைத் திறக்கும் குறி செய்யும் வேலை, மூடும் குறி செய்வதைவிடப் பெரியது. சொற்செயலி மென்பொருள்களில் வளைந்த மேற்கோள்குறி எப்படி வந்தது, எங்கே தவறுகிறது என்பதை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஓலைச்சுவடியில் இந்தக் குறி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இடாமல் எழுதியவர்கள், காற்புள்ளிக்கோ மேற்கோள்குறிக்கோ இடம் வைக்கவில்லை. உரையாசிரியர்கள் பிற நூலிலிருந்து ஓர் அடியை எடுத்துக்காட்டிவிட்டு ‘என’, ‘என்பது’, ‘என்றாற்போல’ என்று முடிப்பார்கள். மேற்கோள் முடிந்தது தெரியும். தொடங்கிய இடத்தை யாப்பைக் கொண்டோ நினைவைக் கொண்டோ படிப்பவர்தான் பிடிக்க வேண்டும். நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணியை 1887-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது, மூலம், உரை, உரைக்குள் வரும் மேற்கோள் என மூன்றையும் பிரித்துக் காட்டுவது பதிப்பாசிரியரின் அறிவுழைப்பாக இருந்தது. அச்சில் இன்று நாம் காணும் ஒரு சிறு சுழிக்குப் பின்னால் அப்படிப்பட்ட உழைப்பு உண்டு.

குறியின் பிறப்பு வேறிடத்தில். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹோமரின் காவியங்களை ஆராய்ந்த அரிஸ்டார்க்கஸ் போன்றோர், கவனிக்க வேண்டிய அடிகளுக்கு ஓரத்தில் அம்புமுனை போன்ற ஒரு குறியை இட்டனர். ‘டிப்ளே’ என்று அதற்குப் பெயர். பிற்காலக் கிறித்தவ நூல்களில், வேதாகமத்திலிருந்து எடுத்த வரிகளைக் காட்ட அதே குறி ஓரத்தில் நின்றது. 16-ஆம் நூற்றாண்டு அச்சகங்களில் அதன் இடத்தை இரட்டைக் காற்புள்ளிகள் பிடித்தன. பின்னர் அவை ஓரத்தை விட்டு வரிக்குள் நுழைந்து, 18-ஆம் நூற்றாண்டில் பேச்சைத் திறக்கவும் மூடவும் ஆயின. ஆங்கில அச்சுக்கோப்பாளர் இதற்கெனப் புது எழுத்து வார்க்கவில்லை. காற்புள்ளி அச்சைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு வைத்தால் திறக்கும் குறி. ஒற்றை மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) அச்சை இரண்டு வைத்தால் மூடும் குறி. திசை என்பது அந்தக் கையின் தீர்மானம். எது திறப்பு, எது மூடல் என்று அறிந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தார்.

மற்ற நாடுகளும் தத்தம் வழக்கை வகுத்துக்கொண்டன. பிரெஞ்சுக்காரர் « » என்று கோணக் குறிகளை வைத்தனர். ஜெர்மானியர் „ என்று கீழே திறந்து “ என்று மேலே மூடுகின்றனர். ஆங்கிலத்திலும் தமிழிலும் திறக்கும் வடிவமே ஜெர்மனில் மூடும் வடிவம். வடிவத்தை மட்டும் பார்த்துத் திசையைச் சொல்ல முடியாது, மொழியையும் அறிய வேண்டும் என்ற உண்மை பின்னால் மென்பொருள் எழுதியவர்களைப் பெரிதும் உழல வைத்தது.

தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை நிலைநிறுத்தியவர்களில் ஆறுமுக நாவலரின் (1822–1879) பங்கு முதன்மையானது. பள்ளிப் பாடநூலுக்கும் சைவ நூல்களுக்கும் அவர் கையாண்ட தெளிந்த அச்சுமுறை அடுத்த தலைமுறைக்கு மாதிரியாயிற்று. நேர்கூற்றுக்கு இரட்டைக் குறி, தனிச்சொல்லுக்கும் மேற்கோளுக்குள் வரும் மேற்கோளுக்கும் ஒற்றைக் குறி என்ற வழக்கு பிறகு பள்ளி இலக்கணத்திலும் இடம்பெற்றது.

குறி தன் திசையை முதலில் இழந்தது தட்டச்சுப் பொறியில். ஷோல்ஸ், கிளிடன் ஆகியோர் உருவாக்கிய பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய பொறியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் உலோக அச்சு வேண்டும். இடம் மிகக் குறைவு. இரட்டைக்கு இரண்டு, ஒற்றைக்கு இரண்டு என நான்கு வடிவங்களை வைப்பதற்குப் பதிலாக, எந்தப் பக்கமும் சாயாத இரண்டு நேர்குறிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். நேரான ஒற்றைக் குறியின்கீழ் ஒரு முற்றுப்புள்ளி அடித்தால் வியப்புக்குறியும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா 1930-களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது நெருக்கடி இன்னும் கடுமை. 247 எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் விசைகளுக்குள் அடக்க, அச்சடித்தும் தாள் நகராத விசைகளால் புள்ளி போன்றவற்றை அமைக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறியில் மேற்கோளின் இரு பக்கத்துக்கும் தனி விசை கேட்பது நடவாத காரியம்.

கணினி அந்த இழப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. 1963-இல் வெளியாகி 1967-இல் திருத்தப்பட்ட ஆஸ்கி குறியீட்டில் மொத்தம் 128 இடங்கள். 34-ஆம் எண்ணில் இரட்டை நேர்குறி, 39-இல் ஒற்றைக் குறி. அந்த ஒற்றைக் குறி மேற்குறியாகவும் மூடும் மேற்கோளாகவும், சில இடங்களில் உச்சரிப்புக் குறியாகவும் பயன்படலாம் என்று விட்டுவைத்தார்கள். 96-ஆம் எண்ணில் உள்ள சாய்குறி திறக்கும் மேற்கோளாகவும் உதவலாம் என்றார்கள். டொனால்ட் நூத் 1978-இல் உருவாக்கிய ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இந்த ஏற்பாட்டை நன்றாகப் பயன்படுத்தியது. எழுதுபவர் சாய்குறியை இரண்டு முறை அடித்தால் திறக்கும் குறி அச்சாகும். மேற்குறியை இரண்டு முறை அடித்தால் மூடும் குறி. இயந்திரம் ஊகிக்காமல், எழுதுபவரையே தீர்மானிக்க விடும் முறை இது. இதுவரை வந்த வழிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

1984-இல் வந்த மெக்கின்டாஷ் நான்கு வளைந்த குறிகளையும் தன் எழுத்துத் தொகுதியிலேயே வைத்திருந்தது. ஆப்ஷன் விசையோடு சதுர அடைப்பு விசைகளை அழுத்தினால் அவை வரும். விண்டோஸ் தன் மேற்கத்திய எழுத்துத் தொகுதியில் 145 முதல் 148 வரை நான்கு எண்களை அவற்றுக்கு ஒதுக்கியது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 0147, 0148 என்று எண் பலகையில் அடிப்பதைப் பழைய டி.டி.பி. ஊழியர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆனால் பொதுமக்கள் விசைப்பலகை தட்டச்சுப் பொறியின் பலகையாகவே நீடித்தது. வடிவம் நான்கு, விசை ஒன்றே. இந்த இடைவெளியை நிரப்ப மென்பொருள் ஊகிக்கத் தொடங்கியது.

அந்த ஊகத்தின் விதி மிக எளியது. நேர்குறி விசையை அழுத்தியதும் மென்பொருள் அதற்கு இடப்பக்கம் உள்ள எழுத்தைப் பார்க்கும். பத்தியின் தொடக்கம், இடைவெளி, திறக்கும் அடைப்புக்குறி, இன்னொரு திறக்கும் மேற்கோள் ஆகியவற்றில் ஒன்றென்றால் திறக்கும் குறியை இடும். வேறு எதுவானாலும் மூடும் குறி. வேர்டில் ‘தட்டச்சும்போதே வடிவமைத்தல்’ என்ற பகுதியில் இந்த வசதி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இது சரியாகவே வேலை செய்கிறது. அதனால்தான் தவறும் இடங்களை யாரும் தேடுவதில்லை.

தவறும் இடங்களில் முதலாவது, மூடும் குறிக்கு முன் இடைவெளி விடும் பழக்கம். தமிழ்த் தட்டச்சில் கேள்விக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் முன் இடைவெளி விடுவோர் ஏராளம். “வருகிறாயா ?” என்று அடிக்கும்போது பாதிப்பு இல்லை. ஆனால் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு மேற்கோளை மூடினால், மென்பொருள் இடப்பக்கம் இடைவெளியைக் கண்டு இன்னொரு மேற்கோளைத் திறந்துவிடும். அடுத்தது ஆண்டுச் சுருக்கம். ’47 என்று எழுத விரும்பினால், முன்னால் இடைவெளி இருப்பதால் ‘47 என்று திறக்கும் குறி விழும். நீண்ட கோட்டை அடுத்து மேற்கோள் தொடங்கும்போது சில மென்பொருள்கள் மூடும் குறியை இடுகின்றன. தமிழுக்கு மிகப் பெரிய இழப்பு இங்கேதான்: பேச்சு தொடங்கும் இடமே முடியும் இடமாகக் காட்சி தருகிறது. இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை ஒன்று உண்டு. ஊகம் தட்டச்சும் கணத்தில் ஒரு முறைதான் நடக்கிறது. பிறகு வாக்கியத்தை வெட்டி ஒட்டினாலும், சொல்லை முன்பின் மாற்றினாலும் குறி பழைய திசையிலேயே நிற்கும். செல்பேசியிலிருந்து வந்த பகுதி நேர்குறியோடும், வேர்டில் அடித்த பகுதி வளைகுறியோடும் ஒரே கட்டுரையில் கலந்து கிடப்பதும் இதனால்தான். ஆப்பிள் 2017-இல் ஐ.ஓ.எஸ். 11-இல் தானியங்கி வளைகுறியைச் சேர்த்த பிறகு கலப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

யூனிகோட் பரவும் முன் தமிழ் எழுத்துருக்களுக்கு இது தனித் தொல்லையாக இருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றின. அதில் காற்புள்ளி விசையில் ‘இ’ வரும். அரைப்புள்ளி விசையில் மெய்ப்புள்ளி வரும். நிறுத்தக்குறிகளின் இடங்களை எழுத்துகள் எடுத்துக்கொண்டன. இத்தகைய எழுத்துருவில் 145 முதல் 148 வரை உள்ள இடங்களிலும் தமிழ் வடிவம் இருந்தால், வேர்ட் தானாகக் குறியை வளைத்ததும் பக்கத்தில் மேற்கோளுக்குப் பதிலாக ஓர் எழுத்து வந்து நிற்கும். 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் கூடி வகுத்த டிஸ்கி குறியீடு இந்த ஆபத்துக்கு இடம் தரவில்லை. அதன் 1.7 பதிப்பின் அட்டவணையில் தமிழ் எண்களும் கிரந்த எழுத்துகளும் 128 முதல் வரிசையாகச் சென்று, 145-இல் நின்று, நான்கு வளைகுறிகளுக்கு வழிவிட்டு, 149-இல் மீண்டும் தொடர்கின்றன. இடத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு இருந்த அட்டவணையில் நான்கு இடங்களை மேற்கோளுக்கு விட்டுக்கொடுத்தது தொலைநோக்கான முடிவு.

அதே காலத்தில் இன்னொரு நல்ல முடிவும் எடுக்கப்பட்டது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கிலப் பலகையின் மேற்கோள் விசையில் ‘ய’ அமர்ந்தது. ஆகவே மேற்கோளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. மேல்நோக்கிய கூர்க்குறியை அடித்து 7, 8, 9, 0 ஆகிய விசைகளை அழுத்தினால், நான்கு வளைந்த குறிகளும் தனித்தனியே கிடைக்கும்படி செய்தார்கள். திறப்பையும் மூடலையும் எழுதுபவர் கையில் திரும்பக் கொடுத்த ஏற்பாடு இது; டெக் செய்த அதே வேலை. தமிழ்99-இல் நாள்தோறும் எழுதுவோரிலும் பலர் இதை அறியவில்லை என்பது வருத்தம் தருவது.

1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது. தமிழுக்கென ஒதுக்கிய பகுதியில் மேற்கோள்குறி இல்லை. எல்லா எழுத்துமுறைகளுக்கும் பொதுவான நிறுத்தக்குறிப் பகுதியில், 8216, 8217 ஆகிய எண்களில் ஒற்றைக் குறிகளும் 8220, 8221-இல் இரட்டைக் குறிகளும் உள்ளன. குறியீடு என்ற அளவில் சிக்கல் தீர்ந்தது. ஆனால் பொதுவுடைமையானதால் இரண்டு விளைவுகள் வந்தன. யூடிஎஃப்-8 முறையில் திறக்கும் இரட்டைக் குறி 226, 128, 156 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதைப் பழைய விண்டோஸ் தொகுதியாகத் தவறாகப் படிக்கும் மென்பொருள், தொப்பி போட்ட ஓர் ‘அ’ ஒலி எழுத்தையும் யூரோ நாணயக் குறியையும் மேலும் ஓர் இணைப்பெழுத்தையும் காட்டும். இதைப் பலரும் மின்னஞ்சலில் கண்டிருப்பார்கள். இரண்டாவது விளைவு அச்சுக் கண்ணுக்கு மட்டுமே தெரிவது. வேர்ட் இலத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவையும், இந்திய, அரபு எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவையும் ஒரே ஆவணத்தில் வைத்திருக்கிறது. மேற்கோளுக்காக ஆங்கிலப் பலகைக்கு மாறினால், தமிழ் ‘லதா’ எழுத்துருவிலும் குறி ‘டைம்ஸ் நியூ ரோமன்’ எழுத்துருவிலும் அமையக்கூடும். தடிமனும் உயரமும் பொருந்தாமல் குறி பக்கத்தில் அந்நியமாகத் தொங்கும்.

சிறிய வாக்கியத்தில் நேர்குறி போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் ஒருவர் பேச்சு பல பத்திகளுக்கு நீளும்போது, ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி இட்டு, கடைசிப் பத்தியில் மட்டும் மூடுவது மரபு. அங்கே பேச்சு தொடர்கிறதா என்பதைத் திசை ஒன்றே சொல்லும். மேற்கோளுக்குள் மேற்கோள் வரும் ஆய்வேடுகளிலும், பழைய உரைகளை மின்னாக்கம் செய்து மேற்கோள்களைக் கணினியால் பிரித்தெடுக்கும் பணியிலும் அப்படித்தான். நேர்குறியில் ஒன்று விடுபட்டால் அதற்குப் பின் வருவன எல்லாம் திறப்பு மூடலாகவும் மூடல் திறப்பாகவும் புரண்டுவிடும். வளைகுறியில் பிழை அந்த ஓரிடத்தோடு நிற்கும்.

சரிசெய்யும் வேலை கடினமானதும் இல்லை. முதலில் நிறுத்தக்குறிகளுக்கு முன் உள்ள வேண்டாத இடைவெளிகளை நீக்க வேண்டும். பிறகு வேர்டின் தேடி மாற்றும் பெட்டியில் இரட்டைக் குறியைத் தேடி அதே குறியால் மாற்றினால், தானியங்கி வசதி இயங்கும் நிலையில், எல்லாக் குறிகளையும் அது புதிதாகக் கணித்து வளைக்கும். இடைவெளியை நீக்காமல் இதைச் செய்தால் பழைய பிழையே திரும்ப வரும்; வரிசை முக்கியம். இதன்பின் எஞ்சுவது கோட்டை அடுத்து வருவன, ஆண்டுச் சுருக்கங்கள், உள்மேற்கோள்கள் மட்டுமே. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

செல்பேசிக்குத் தமிழ் விசைப்பலகை செய்வோருக்கு ஒரு வேண்டுகோள்: தமிழ்99 கொடுத்ததைப் போலத் திறக்கும் குறிக்கும் மூடும் குறிக்கும் தனித்தனி விசை கொடுங்கள்; ஊகத்தை விருப்பமாக மட்டும் வையுங்கள். மெய்ப்புப் பார்க்கும் நண்பர்கள், கோப்பு அச்சகத்துக்குப் போகும் முன், இடைவெளியை அடுத்து நிற்கும் மூடும் குறியையும் இடைவெளிக்கு முன் நிற்கும் திறக்கும் குறியையும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.