டேபிள்: ஒரே சொல், இரண்டு எதிர்ப்பொருள்

டேபிள் என்றால் மேசை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாகவும் வரும். அப்போது அதற்கு நேர் எதிரான இரண்டு பொருள்கள் உண்டு. இந்தக் குழப்பம் இரண்டாம் உலகப்போரின் நடுவே இரண்டு நட்பு நாடுகளையே சண்டை போட வைத்திருக்கிறது.

1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியது. டிசம்பர் 22-ல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தன் தளபதிகளுடன் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். ஆர்கேடியா மாநாடு என்ற பெயரில் 1942 ஜனவரி 14 வரை பேச்சு நடந்தது. அதற்குள் ஹாங்காங் விழுந்தது, மணிலாவும் விழுந்தது. ஒவ்வொரு நாளும் முக்கியமாக இருந்த நேரம் அது.

அங்கே பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாக விவாதிக்க விரும்பினார்கள். அதை 'டேபிள்' செய்யப்போவதாகச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் காதில் அது 'டிராயரில் போட்டு மறந்துவிடலாம்' என்று விழுந்தது. இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கிடப்பில் போடக்கூடாது என்று அவர்கள் எதிர்த்தார்கள். வாக்குவாதம் நீண்டது, சூடும் ஏறியது. கடைசியில்தான் இரு தரப்பும் கேட்பது ஒன்றே என்று புரிந்தது. 1950-ல் வெளிவந்த தன் போர் நினைவு நூலின் மூன்றாம் தொகுதியில் சர்ச்சிலே இதை எழுதியிருக்கிறார்.

ஏன் இந்த வித்தியாசம்? இரண்டுமே காகிதத்தை மேசைமேல் வைப்பதுதான். பிரிட்டனில், எல்லோரும் பார்த்துப் பேசுவதற்காக வைப்பார்கள். அமெரிக்காவில், கையில் இருப்பதை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 'டேபிள்' தீர்மானம் நிறைவேறினால், அந்த விஷயம் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

இந்தியாவில் பின்பற்றப்படுவது பிரிட்டிஷ் வழக்கு. இங்கே மசோதா 'டேபிள்' ஆனது என்றால் அவையின் முன் வந்துவிட்டது என்று பொருள். அதே செய்தியை அமெரிக்கப் பத்திரிகையில் படித்தால், ஒதுக்கிவைக்கப்பட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே வெளிநாட்டவருக்கு எழுதும்போது இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. முன்வைப்பதற்கு 'இன்ட்ரட்யூஸ்', தள்ளிவைப்பதற்கு 'போஸ்ட்போன்' என்று எழுதினால் இரண்டு நாட்டிலும் ஒரே அர்த்தம்தான். ஒரே மொழி பேசுகிறோம் என்ற தைரியத்தில்தான் அன்று யாரும் அர்த்தம் கேட்கவில்லை.